லாரி பராமரிப்பும் பொது நடைமுறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரி நிறுவனங்களின் ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர்களும், ஒன்றிரண்டு வண்டி மட்டும் வைத்திருக்கும் உரிமையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இங்கே வரும் அளவுகள் பெரும்பாலும் ஏர் பிரேக் உள்ள கனரக வண்டிகளுக்கானவை. உங்கள் வண்டியின் தயாரிப்பாளரோ உங்கள் நாட்டுச் சட்டமோ வேறு அளவு சொன்னால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

பொது நடைமுறை என்றால் என்ன? தயாரிப்பாளர் கொடுத்த மேனுவல் இருக்கும்போது அது எதற்கு?

ஒரே வகை வீல் பேரிங் நூறு ஷெட்டுகளில் ஒரே மாதிரிதான் பழுதாகிறது. ஒவ்வொரு ஷெட்டும் தனித்தனியாக அடிபட்டுக் கற்றுக்கொள்வது வீண். பலர் கூடி உட்கார்ந்து, "இந்த வேலையை இந்த வரிசையில் செய்தபோது பழுது திரும்ப வரவில்லை" என்று எழுதி வைக்கிறார்கள். அதுதான் பொது நடைமுறை. சட்டம் போல அதற்குக் கட்டாயம் கிடையாது. சட்டம் குறைந்தபட்ச அளவைச் சொல்லும்; அந்த அளவுக்குக் கீழே போகாமல் இருக்க ஷெட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை நடைமுறை சொல்லும்.

இதில் மிகவும் அறியப்பட்டது அமெரிக்கன் டிரக்கிங் அசோசியேஷன்ஸ் அமைப்பின் கீழ் இயங்கும் டெக்னாலஜி அண்ட் மெயின்டனன்ஸ் கவுன்சில், சுருக்கமாக டிஎம்சி. வண்டி ஓட்டும் நிறுவனங்கள், வண்டி தயாரிப்பவர்கள், உதிரிபாகம் செய்பவர்கள் ஆகிய மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பரிந்துரைகளை எழுதுகிறார்கள். பிரிட்டனில் அரசு அமைப்பான டிவிஎஸ்ஏ, வண்டியைச் சாலைத் தகுதியோடு வைத்திருப்பது பற்றி ஒரு வழிகாட்டியே வெளியிடுகிறது.

மேனுவல் போதாதா என்றால், போதாது. ஒரு லாரியில் எஞ்சின் ஒருவருடையது, ஆக்சில் இன்னொருவருடையது, பிரேக் மூன்றாமவருடையது, டயர் வேறு, டிரெய்லர் வேறு. ஒவ்வொருவரும் தன் பொருளைப் பற்றி நன்றாக எழுதியிருப்பார்கள். தகராறு வருவது இவை ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான். அந்த இடத்தைப் பற்றி எழுதக்கூடியவர்கள் அன்றாடம் அதைக் கழற்றி மாட்டுகிறவர்கள்.

போட்டி நிறுவனத்துக்கு நம் அனுபவத்தை ஏன் சொல்ல வேண்டும்?

உங்கள் போட்டி சரக்கைப் பிடிப்பதில் இருக்கிறது, பிரேக் லைனிங் மாட்டுவதில் இல்லை. பக்கத்து நிறுவனத்தின் வண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வந்தால், அதற்கு முன்னால் போவது உங்கள் வண்டியாகவும் இருக்கலாம். வணிகக் கணக்கும் உண்டு. ஒரு உதிரிபாகம் உங்களிடம் இரண்டு முறை உடைந்தால் தயாரிப்பாளர் "உங்கள் பராமரிப்பில் கோளாறு" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பத்து நிறுவனங்கள் ஒரே பாகம் ஒரே இடத்தில் உடைந்ததைக் காட்டினால் அந்தப் பதில் செல்லாது.

ஒரு எல்லை மட்டும் முக்கியம். கூடிப் பேசும்போது பேச்சு தொழில்நுட்பத்தோடு நிற்க வேண்டும். வாடகைக் கட்டணம், எந்த வாடிக்கையாளர் யாருக்கு என்பதெல்லாம் அங்கே வந்தால் பல நாடுகளில் அது போட்டிச் சட்டத்தை மீறும் குற்றம்.

விபத்துக்குப் பெரும்பாலும் டிரைவர்தான் காரணம் என்கிறார்களே? பராமரிப்பில் இவ்வளவு கவனம் தேவையா?

இந்த வாதம் ஒரு உண்மையான புள்ளிவிவரத்திலிருந்து வருகிறது, பாதி மட்டும் படிக்கப்பட்டு. 2001 முதல் 2003 வரை நடந்த பெரிய லாரி விபத்துகளை அமெரிக்காவில் ஆழமாக ஆராய்ந்தார்கள். மோதலைத் தவிர்க்க முடியாததாக்கிய கடைசிக் காரணம் லாரியின் பக்கம் இருந்த விபத்துகளில், 87 சதவீதத்தில் அது டிரைவர் செய்தது அல்லது செய்யத் தவறியது. 10 சதவீதத்தில் வண்டி. மீதி 3 சதவீதம் சாலை, வானிலை போன்றவை.

அதே ஆய்வின் மறுபக்கத்தைப் பலர் சொல்வதில்லை. விபத்தில் சிக்கிய லாரிகளில் சுமார் 29 சதவீதத்தில் ஏதோ ஒரு பிரேக் குறை இருந்தது. டிரைவர் ஒரு நொடி தாமதமாக மிதித்தார் என்றால் கடைசிக் காரணம் டிரைவர் என்றுதான் பதிவாகும். பிரேக் முழுப் பலத்தோடு இருந்திருந்தால் அந்த ஒரு நொடி மன்னிக்கப்பட்டிருக்குமா என்பது வேறு கேள்வி. டிரைவர்கள் தவறு செய்வார்கள், அவர்களும் மனிதர்கள்தான். அந்தத் தவறைத் தாங்கும் அளவுக்கு வண்டியில் மிச்சப் பலம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பராமரிப்பு.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரி செய்ய முடியாது. எதில் தொடங்கலாம்?

பிரேக். வட அமெரிக்காவில் சிவிஎஸ்ஏ என்ற கூட்டமைப்பு ஆண்டுதோறும் 72 மணி நேரம் தொடர்ந்து சாலையோர ஆய்வு நடத்துகிறது. வண்டியை ஓட விடாமல் அங்கேயே நிறுத்தி வைக்கும் குறைகளில் பிரேக்தான் ஒவ்வொரு ஆண்டும் முன்னால் நிற்கிறது. அடுத்தடுத்து டயரும் விளக்குகளும். அவர்கள் விதிப்படி, ஒரு வண்டித் தொடரின் மொத்த பிரேக்குகளில் 20 சதவீதமோ அதற்கு மேலோ குறையுள்ளதாக இருந்தால் வண்டி நகரக் கூடாது. ஐந்து ஆக்சில் டிரெய்லர் வண்டிக்குப் பத்து பிரேக். இரண்டு சரியில்லை என்றால் கதை முடிந்தது.

டிரம் பிரேக்கில், சேம்பர் என்ற கிண்ணத்துக்குள் போகும் ஏர், புஷ் ராடு என்ற கம்பியை வெளியே தள்ளித்தான் பிரேக் பிடிக்கிறது. பார்க்க வேண்டிய முதல் அளவு அந்தப் புஷ் ராடு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வீலுக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். ஏர் டேங்கில் 90 முதல் 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்கட்டும், எஞ்சினை அணைத்துவிடுங்கள். சேம்பரின் முகத்தை ஒட்டிப் புஷ் ராடில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை முழுவதும் மிதித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் சேம்பர் முகத்துக்கும் கோட்டுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் 30 எண் சேம்பரில் சாதாரண வகைக்கு வரம்பு 51 மிமீ, நீண்ட ஸ்ட்ரோக் வகைக்கு 64 மிமீ. நீண்ட ஸ்ட்ரோக் வகையின் ஏர் நுழையும் இடம் சதுரமாக இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் ஒரு வகை, மறுபக்கம் இன்னொரு வகை மாட்டியிருந்தால் அதையே ஒரு குறையாக எழுதுங்கள்.

இந்த மில்லிமீட்டர் கணக்குக்குக் காரணம் உண்டு. சேம்பருக்குள் இருக்கும் டயஃப்ரம் தன் பயணத்தின் கடைசிப் பகுதிக்கு வரும்போது தள்ளும் பலம் சட்டென்று சரிந்துவிடும். டிரம் சூடானால் விரிகிறது, அப்போது லைனிங் தொட இன்னும் அதிகத் தூரம் போக வேண்டும். ஷெட்டில் குளிர்ந்த நிலையில் "பிடிக்கிறது" என்று தோன்றிய பிரேக், நீண்ட இறக்கத்தில் பாதி வழியில் கைவிடுவது இதனால்தான். பெடலை மிதித்துப் பார்த்தால் இது தெரியாது. ஏர் பிரேக் பெடல் காலுக்குப் பொய் சொல்லும். அளந்தால் மட்டுமே தெரியும்.

எங்கள் வண்டிகளில் லைனிங்குக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைத் தானாகவே சரி செய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர் இருக்கிறது. அளவு கூடியிருந்தால் ஸ்பேனரால் ஒரு சுற்றுத் திருப்பினால் போதாதா?

கூடாது. பழகிய கைக்கு இதுதான் முதலில் தோன்றும், ஆனால் மிகவும் ஆபத்தானது. தானியங்கி ஸ்லாக் அட்ஜஸ்டர் நல்ல நிலையில் இருந்தால் இடைவெளியை அதுவே குறைத்துக்கொள்ளும். அளவு வரம்பைத் தாண்டியிருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று: அட்ஜஸ்டர் செத்துவிட்டது, அல்லது கிளெவிஸ் பின், எஸ்-கேம் புஷ், சேம்பர் பிராக்கெட், டிரம், லைனிங் இவற்றில் ஏதோ தேய்ந்து அதை வேலை செய்ய விடவில்லை. கையால் திருப்பினால் அளவு அன்று சரியாகிவிடும், காரணம் அப்படியே இருக்கும். சில நாளில் பழைய இடத்துக்கே வரும். அடிக்கடி திருப்பினால் உள்ளே இருக்கும் கிளட்ச் பாகங்களும் தேய்ந்துபோகும்.

2003 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் கிளென் ராக் என்ற ஊரில் ஒரு டிப்பர் லாரி இறக்கத்தில் நிற்காமல் வந்து கார்கள் மீது மோதி உயிர்கள் போயின. அந்த நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது அதிக பாரம், பயிற்சி இல்லாத ஓட்டுநர், சரியாகப் பராமரிக்கப்படாத பிரேக் எல்லாம் தெரியவந்தன. கூடவே இன்னொன்றையும் எழுதியது: தானியங்கி அட்ஜஸ்டரைக் கையால் திருப்புவதன் ஆபத்து பற்றிப் போதுமான தகவலும் எச்சரிக்கையும் மெக்கானிக்குகளுக்கு எளிதில் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் தெரிந்த விஷயம் இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேராததும் விபத்துக்கு ஒரு காரணமாகப் பதிவானது அங்கேதான்.

அளவு கூடியிருந்தால் முதலில் அந்த மூட்டுகளின் தேய்மானத்தைப் பாருங்கள். தேய்ந்ததை மாற்றி, அட்ஜஸ்டர் தயாரிப்பாளர் சொன்ன முறையில் அதைச் சோதியுங்கள். அதற்குப் பிறகும் சரிப்படவில்லை என்றால் அட்ஜஸ்டரையே மாற்றுங்கள். ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுவது இன்னும் நல்லது.

ஏர் லீக் எந்த அளவு வரை பொறுத்துக்கொள்ளலாம்?

டேங்கை முழுவதும் நிரப்பி, எஞ்சினை அணைத்து, பிரேக்குகளை விடுவித்து கேஜைப் பாருங்கள். தனி லாரியில் நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐ, டிரெய்லர் சேர்ந்த வண்டியில் 3 பிஎஸ்ஐ வரை குறையலாம். பெடலை மிதித்துப் பிடித்த நிலையில், முதலில் விழும் அளவை விட்டுவிட்டுப் பார்த்தால், தனி லாரிக்கு 3, டிரெய்லர் வண்டிக்கு 4. இவை அமெரிக்க உரிமத் தேர்வுகளில் டிரைவர்களுக்குச் சொல்லித் தரப்படும் அளவுகள். பிறகு பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்து ஏரை இறக்குங்கள். 55 பிஎஸ்ஐக்குக் கீழே போவதற்கு முன்பே எச்சரிக்கை ஒலியோ விளக்கோ வர வேண்டும். பஸ்ஸர் ஒயரைப் பிடுங்கிவிட்ட வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

டயரில் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் காற்று, பிறகுதான் கட்டை (சாலையைத் தொடும் ரப்பர் மேடு). நிர்ணயித்த அளவிலிருந்து 20 சதவீதம் குறைந்த டயரைக் காற்றில்லாத டயராகவே கருத வேண்டும் என்பது தொழிலில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி. 100 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயரில் 80 இருந்தால், கம்ப்ரஸர் குழாயைச் சொருகி நிரப்பி அனுப்பக் கூடாது. கழற்றி, ரிம்மிலிருந்து எடுத்து உள்ளே பார்க்க வேண்டும்.

காற்றுக் குறைவோடு ஓடும்போது பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் முறியும் அல்லவா, ரேடியல் டயரின் பக்கச் சுவரில் உள்ள எஃகு இழைகளுக்கும் அதுதான் நடக்கிறது. வெளியே எதுவும் தெரியாது. அந்த டயரில் மறுபடி காற்றடிக்கும்போது, முறிந்த இழைகள் வரிசையாக ஜிப் திறப்பதுபோல் கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் நின்று காற்றடிக்கிறவர்தான் பலியாவார். அதனால்தான் டயரை உள்ளே வைத்துக் காற்றடிக்கக் கூண்டு வேண்டும், வால்வில் தானாகப் பிடித்துக்கொள்ளும் கிளிப் வேண்டும், கேஜும் கைப்பிடியும் நீண்ட குழாயின் மறுமுனையில் இருக்க வேண்டும். பக்கச் சுவரில் புடைப்போ, அலை போன்ற நெளிவோ தெரிந்தாலும், டப் டப் என்ற சத்தம் கேட்டாலும் உடனே நிறுத்திக் காற்றை இறக்குங்கள்.

கம்பியால் தட்டிப் பார்த்துச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம். தட்டினால் டயர் முழுவதும் காற்றில்லாமல் போயிருக்கிறதா என்பது மட்டும் தெரியும். 100-க்கும் 75-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காது கண்டுபிடிக்காது. ஜோடி டயரில் உள்பக்கத்தது எப்போதும் புறக்கணிக்கப்படுகிறது, ஏனென்றால் அதன் வால்வை எட்டுவது சிரமம். வால்வு நீட்டிப்பு ஒன்று மாட்டிவிட்டால் சாக்குப்போக்கு போய்விடும். ஜோடியில் இரண்டின் விட்டமும் 6 மிமீக்குள் ஒத்திருக்கட்டும். இல்லாவிட்டால் பெரியது சுமையை முழுவதும் தாங்கிச் சூடாகும், சிறியது சாலையில் இழுபட்டுத் தேயும்.

கட்டை ஆழத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க விதியில் முன் டயர்களுக்குக் குறைந்தது சுமார் 3.2 மிமீ, மற்றவற்றுக்கு 1.6 மிமீ. கவனமான நிறுவனங்கள் அதற்கு முன்பே கழற்றிவிடுகின்றன.

வீல் கழன்று ஓடுவது எப்படி நடக்கிறது? நட்டை இறுக்கித்தானே அனுப்புகிறோம்?

இறுக்கியது உண்மைதான். பிறகு அது தளர்ந்துவிட்டது. வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே துருவோ, அழுக்கோ, கனமான பெயின்டோ இருந்தால், இறுக்கிய பலம் அதன்மேல் விழும். வண்டி ஓடும்போது அந்த அடுக்கு நசுங்கி உதிர்ந்துவிடும், நட்டின் பிடி அவ்வளவும் போய்விடும். ஆகவே வீல் மாட்டுவதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் இரண்டு முகங்களையும் தேய்த்துச் சுத்தம் செய்வது, இறுக்குவதைவிட முக்கியமான வேலை.

வீலின் நடுத் துளை ஹப்பின் மேல் உட்காரும் வகை வீல்களில், 22 மிமீ ஸ்டட்டுக்கு (நட்டு ஏறும் போல்ட்) பொதுவான டார்க், அதாவது இறுக்கும் திருகு பலம், சுமார் 610 முதல் 680 நியூட்டன் மீட்டர். எதிரெதிர் நட்டாக, நட்சத்திர வரிசையில். இம்பாக்ட் கன்னால் அடித்து முடித்துவிட்டு "இறுகிவிட்டது" என்பது ஊகம். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்சில்தான் இருக்க வேண்டும், அந்த ரெஞ்ச்சையும் அவ்வப்போது அளவு சரிபார்க்க அனுப்ப வேண்டும். வண்டி 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி டார்க் பார்க்கச் சொல்கின்றன பொது நடைமுறைகள். இந்த மறு இறுக்கம்தான் எல்லா ஷெட்டிலும் தவறிப்போகும் வேலை, ஏனென்றால் அதற்குள் வண்டி எங்கோ போய்விட்டிருக்கும். வீல் கழற்றிய வண்டியின் டிரைவரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, முதல் நிறுத்தத்தில் யார் இறுக்கினார் என்று கையெழுத்து வாங்கும் நிறுவனங்கள் இந்தப் பிரச்சினையைப் பெருமளவு குறைத்துவிட்டன.

டிரைவருக்குச் சொல்லித்தர வேண்டியது: நட்டிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கமாகப் போகும் துருக் கோடு, ஸ்டட் துளையைச் சுற்றிப் பளபளக்கும் உலோகம், சுத்தமான வீலில் புதிதாக வந்த கீறல் இவை எல்லாம் தளர்ச்சியின் அடையாளம். ஹப் மூடியில் ஆயில் கசிவு தெரிந்தால் அது பேரிங்கைக் கெடுத்துவிடக்கூடிய பிரச்சினை. அப்படி ஒரு வண்டியை "அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்" என்று அனுப்பாதீர்கள்.

விளக்குகள்?

சின்ன வேலை, ஆனால் சாலையோர ஆய்வாளரின் கண்ணில் முதலில் படுவது. ஒரு விளக்கு எரியாத வண்டியைத்தான் நிறுத்தி மற்றதையும் பார்ப்பார்கள். ஒயர் இணைப்பில் ஈரம் புகாமல் மூடுங்கள், சோதனை விளக்கின் ஊசியை ஒயர் உறைக்குள் குத்தாதீர்கள். குத்திய துளை வழியாக நீர் போய் மாதக்கணக்கில் செம்பு அரித்துக்கொண்டே இருக்கும்.

புறப்படும் முன் டிரைவர் செய்யும் சோதனை வெறும் சடங்காகிவிட்டது. எப்படி உயிர் கொடுப்பது?

சடங்காவதற்குக் காரணம் பெரும்பாலும் டிரைவர் இல்லை. அவர் "இடது பின் விளக்கு எரியவில்லை" என்று மூன்று நாள் எழுதுகிறார். யாரும் பதில் சொல்வதில்லை. நான்காம் நாளிலிருந்து எல்லாக் கட்டத்திலும் டிக் போடுகிறார். எழுதிப் பயன் இல்லை என்று அவருக்கு நாம்தான் கற்றுக்கொடுத்தோம்.

மருந்தும் அதற்குள்ளேயே இருக்கிறது. எழுதிய ஒவ்வொரு குறைக்கும் ஒரு பதில் போக வேண்டும்: சரி செய்தாகிவிட்டது, அல்லது இன்ன தேதியில் செய்வோம், அல்லது பார்த்தோம், பாதுகாப்புக்குப் பாதிப்பில்லை என்று இன்னார் கையெழுத்து. அமெரிக்க விதியில் அடுத்து வண்டி எடுக்கும் டிரைவர், முந்தைய அறிக்கையில் குறை எழுதப்பட்டிருந்தால் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். பழுது பார்த்தார்களா என்று கேட்கும் உரிமை அப்படித்தான் அவருக்குக் கிடைக்கிறது. பிரிட்டனில் குறை அறிக்கைகளையும் பழுது விவரத்தையும் 15 மாதம் பாதுகாக்கச் சொல்கிறார்கள்.

எவ்வளவு நேரத்தில் டிக் போடப்பட்டது என்று மொபைல் செயலி காட்டும். ஒரு டிரெய்லர் வண்டியை முழுவதும் சுற்றிவர 40 வினாடி போதாது என்று தெரிந்தால் பேச வேண்டியது யாரிடம் என்பதும் தெரியும். ஆனால் அதைத் தண்டிக்கும் கருவியாக ஆக்கிவிட்டால், டிரைவர் வண்டியில் உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்து டிக் போடக் கற்றுக்கொள்வார். அப்புறம் அந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

ஜாப் கார்டில் (பழுது வேலையை எழுதும் சீட்டில்) எவ்வளவு விவரம் எழுத வேண்டும்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். பகிர்வது என்றால் எதைப் பகிர்வது? எழுதி வைத்ததைத்தான். "பிரேக் சரி செய்யப்பட்டது" என்று எழுதிய கார்டால் நாளைக்கு யாருக்கும் பயன் இல்லை, எழுதியவருக்கும்கூட. இப்படி எழுதிப் பாருங்கள்: "குறை: வண்டி இடதுபக்கம் குறைவாகப் பிடிக்கிறது. கண்டது: இரண்டாம் ஆக்சில் இடது, சாதாரண 30 எண் சேம்பர், புஷ் ராடு 57 மிமீ, கிளெவிஸ் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருந்தன. செய்தது: இரண்டும் மாற்றினோம். இப்போது 41 மிமீ." குறை, காரணம், செய்த வேலை என மூன்று வரி. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் திரும்ப வந்தால், எங்கே தேடக் கூடாது என்பதாவது தெரியும்.

அடுத்த படி, எல்லோரும் ஒரே பெயரில் எழுதுவது. ஒரு ஷெட்டில் "ஹப் கிரீஸ் கசிவு", இன்னொன்றில் "ஆயில் சீல் அவுட்", மூன்றாவதில் "வீல் பேரிங் வேலை". மூன்றும் ஒரே பழுதாக இருக்கலாம், ஆனால் கூட்டிப் பார்க்க முடியாது. இதற்காகத்தான் 1970-லேயே அமெரிக்காவில் விஎம்ஆர்எஸ் என்ற குறியீட்டு முறையைக் கொண்டுவந்தார்கள். வண்டியின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒன்பது இலக்க எண். முதல் மூன்று அமைப்பைச் சொல்லும், அடுத்த மூன்று அதற்குள் உள்ள தொகுப்பை, கடைசி மூன்று தனிப் பாகத்தை. 013 என்றால் பிரேக், 017 டயர், 034 விளக்குகள், 045 எஞ்சின். பழுதுக்கான காரணத்துக்கும் செய்த வேலைக்கும் தனிக் குறியீடுகள் உண்டு.

சிறிய ஷெட்டுக்கு ஒன்பது இலக்கம் தேவையில்லை. முதல் மூன்று இலக்க அளவில் பிரித்து எழுதினாலே, ஒரு வருடத்தில் எந்த அமைப்பு உங்களைச் சாப்பிடுகிறது என்று தெரிந்துவிடும்.

சர்வீஸ் இடைவெளியை எப்படி முடிவு செய்வது?

பழக்கத்தில் உள்ள முறை ஏ, பி, சி என்ற படிநிலை. ஏ என்பது பாதுகாப்புச் சோதனையும் கிரீஸும். பி அதோடு ஆயில், ஃபில்டர். சி ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் முழு ஆய்வு. கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். நாள் முழுவதும் எஞ்சின் ஓடிக்கொண்டு கொஞ்ச தூரமே நகரும் வண்டிக்கு எஞ்சின் மணிக்கணக்கு சரியாக இருக்கும். ஷெட்டிலேயே நிற்கும் டிரெய்லருக்கு நாள்காட்டிதான் கணக்கு.

ஆயில் மாற்றும் இடைவெளியை நீட்டுவதற்கு முன் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரும்பு கூடினால் தேய்மானம், சிலிக்கான் கூடினால் காற்று ஃபில்டர் பக்கம் தூசி நுழைகிறது, சோடியமோ பொட்டாசியமோ கூடினால் கூலன்ட் கசிகிறது என்று பொருள். ஒரே ஒரு அறிக்கையை வைத்துப் பதற வேண்டாம், வரிசையாக மூன்று நான்கு வந்தால்தான் போக்கு தெரியும்.

வண்டியிலிருந்து கணினிக்கு வரும் ஃபால்ட் கோடுகள் நூற்றுக்கணக்கில் குவிகின்றன. என்ன செய்வது?

கனரக வண்டிகளின் கணினிகள் பேசிக்கொள்ளும் ஜே1939 முறையில் ஒவ்வொரு கோடுக்கும் இரண்டு பகுதி: எந்தப் பொருள், அது எப்படிக் கெட்டிருக்கிறது. அதை வைத்து மூன்று கூடைகளாகப் பிரியுங்கள். வண்டியை இப்போதே நிறுத்த வேண்டியவை, ஷெட்டுக்குத் திரும்பியதும் பார்க்க வேண்டியவை, அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கக்கூடியவை. எது எந்தக் கூடை என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள், இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் யாரும் முடிவு எடுக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: இழுபடும் பிரேக்கையோ தளர்ந்த நட்டையோ பல வண்டிகளில் எந்த சென்சாரும் சொல்லாது. திரையில் எல்லாம் பச்சை என்பதற்காகக் கீழே குனிந்து பார்ப்பதை விடக் கூடாது.

மயிரிழையில் தப்பிய சம்பவங்களை வெளியே சொன்னால் நம் பெயர்தானே கெடும்?

பெயர் இல்லாமல் சொல்லுங்கள். விமானத் துறையில் 1976 முதல் நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறை இருக்கிறது. விமானிகள் தங்கள் தவறையும் சொல்கிறார்கள், அடையாளங்கள் நீக்கப்பட்டு விஷயம் மட்டும் வெளியாகிறது. லாரித் தொழிலிலும் ஐந்தாறு நிறுவனங்கள் சேர்ந்தால் இதைச் செய்யலாம். நடந்தது என்ன, எந்தப் பாகம், எத்தனை கிலோமீட்டரில், எப்படிக் கண்டுபிடித்தோம், இப்போது என்ன மாற்றியிருக்கிறோம் என்ற ஐந்து வரி போதும். வண்டி எண், டிரைவர் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். ஆனால் நிறுவனத்துக்குள்ளேயே உண்மையைச் சொன்ன டிரைவரின் சம்பளத்தைப் பிடிக்கும் வழக்கம் இருந்தால், வெளியே பகிர உங்களிடம் எதுவும் வந்து சேராது.

என்னிடம் மூன்றே வண்டி. இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தானே?

பெரிய நிறுவனம் ஒரு பழுதை நூறு முறை பார்க்கும், அதற்குத் தானாகவே அனுபவம் சேரும். மூன்று வண்டிக்காரருக்கு அது ஒருமுறை வரும், அதுவே நஷ்டம். ஆகவே பகிர்வதால் அதிக லாபம் சின்னவர்களுக்குத்தான். ஏழெட்டு உரிமையாளர்கள் சேர்ந்து ஒரு நல்ல டார்க் ரெஞ்ச், ஒரு டயர் கூண்டு, ஒரே மாதிரி ஜாப் கார்டு வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை கார்டுகளை மேசையில் பரப்பி, ஒரே பாகம் இரண்டு பேரிடம் பழுதானதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

முன்னேற்றம் தெரிய எந்த எண்ணைப் பார்ப்பது?

விபத்து எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். அது எப்போதாவது வருவது, சின்ன நிறுவனத்தில் ஒரு வருடம் பூஜ்யமாக இருப்பது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். நான் பார்ப்பவை: வழியில் நின்றுபோன சம்பவங்களுக்கு இடையே ஓடிய கிலோமீட்டர், தேதி தவறாமல் நடந்த சர்வீஸ்களின் விகிதம், ஒரு மாதத்துக்குள் அதே குறையோடு திரும்பி வந்த வண்டிகள், டிரைவர் எழுதிய குறைக்குப் பதில் போக ஆன நேரம். டிரைவர்கள் எழுதும் குறைகள் திடீரெனக் கூடினால் மகிழுங்கள், நம்பி எழுதத் தொடங்கிவிட்டார்கள். சாலையோர ஆய்வில் பிடிபட்ட குறை, அன்று காலை டிரைவரின் தாளில் இருந்ததா இல்லையா என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை முழுவதும் வெளி ஒர்க்‌ஷாப்பில்தான். அங்கே நம் நடைமுறை எப்படிச் செல்லும்?

வண்டியோடு ஒரு தாளும் போக வேண்டும். அதில் நீங்கள் கேட்பதை எழுதுங்கள்: ஒவ்வொரு வீலிலும் புஷ் ராடு அளவு, லைனிங் கனம், டயர் காற்றும் கட்டை ஆழமும், வீல் நட்டுக்கு வைத்த டார்க். "ஓகே" என்று எழுதிய தாளை ஏற்காதீர்கள், எண் வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த லைனிங் உங்களுக்குச் சொல்வது பில்லில் இருக்காது. எண் எழுதச் சொன்னதும் முகம் சுளிக்கும் ஒர்க்‌ஷாப்பும் உண்டு, மறுநாளே கேஜ் வாங்கி வைக்கும் ஒர்க்‌ஷாப்பும் உண்டு. அடுத்த வண்டியை எங்கே அனுப்புவது என்று அப்போதே முடிவாகிவிடும்.